ஏற்றும் முன் சுருக்கலாமா? ஒரு கூத்து வீடியோவை வைத்து ஓர் ஒப்பீடு

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் அக்னி வசந்த விழா. விடிய விடிய பதினெட்டாம் போர் கூத்து. துரியோதனன் வேடம் கட்டியவர் சுழன்று ஆடும்போது கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னின. கேமராவின் சின்னத் திரையிலும் அது அப்படியே தெரிந்தது. மூன்று நாள் கழித்து யூடியூபில் பார்த்தால் சில்லுகளைக் காணோம். கிரீடம் இருந்த இடத்தில் வெளிறிய கட்டங்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஏற்றும் முன் கைபேசிச் செயலி ஒன்றில் "சிறிய அளவு" என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைச் சுருக்கியிருந்தேன். தவறு அங்கேதான் நடந்தது. அதன் பிறகு அதே ஒரு மணி நேரப் பதிவை வேறு வேறு வழிகளில் ஏற்றிப் பார்த்தேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எப்படி அனுப்பினாலும் யூடியூப் அதை மீண்டும் தன் கணக்குக்குச் சுருக்கித்தான் தீரும். படத்தின் உயரத்தைக் குறிக்கும் 144 முதல் 1080 வரை, அதற்கு மேலும், ஒவ்வொரு அளவுக்கும் தனிப் பிரதி எடுக்கும். ஆகவே நாம் செய்வது முதல் சுருக்கம், அங்கே நடப்பது இரண்டாவது. இரண்டாவதாகச் சுருக்கும் மென்பொருளுக்கு எது படம், எது நம் சுருக்கத்தில் விழுந்த கட்டம் என்று தெரியாது. கட்டத்தின் விளிம்பையும் படத்தின் ஒரு பகுதி என்று நம்பி, கண்ணாடிச் சில்லுக்குப் போக வேண்டிய பிட்டுகளை (தரவை) அதற்குச் செலவழிக்கும். இதனால்தான் ஏற்றும் முன் நம் கணினியில் சுமாராகத் தெரியும் கோப்பு, ஏற்றிய பின் படுமோசமாகிறது.

சுருக்காமல் அப்படியே ஏற்றுவது முதல் வழி. தரத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கணக்கைச் சரிபார்த்திருந்தால் ஒரு கோப்புக்கு 256 ஜிபி அல்லது 12 மணி நேரம், இதில் எது குறைவோ அதுவரை யூடியூப் அனுமதிக்கிறது. எனவே இடம் ஒரு பிரச்சினையே அல்ல. பிரச்சினை நம் இணைப்பில் இருக்கிறது. என் கேமரா விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எழுதுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. மேலேற்றும் வேகம் 10 மெகாபிட் என்றால் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். 2 மெகாபிட் என்றால் 25 மணி நேரம். பாதியில் அறுந்த பதிவேற்றத்தைத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். இந்தக் கணக்கு கிராமத்து இணைப்புக்குக் கட்டுப்படியாகாது. நகரத்தில் ஃபைபர் வைத்திருப்பவர்கள், பத்து நிமிட வீடியோ போடுபவர்கள் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஐபோனில் 1080 அளவில் எடுத்த பத்து நிமிடம் சுமார் 600 எம்பிதான். அதைப் போய் எதற்குச் சுருக்குவது?

கைபேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "50 எம்பிக்குள் கொண்டுவா" என்று கேட்டால் கொண்டுவந்துவிடும், படத்தைக் கொன்று. வாட்ஸ்அப்பில் வீடியோவாக வாங்கி அதை ஏற்றுவதும் இதே கதைதான். யாராவது அனுப்புவதானால் 'ஆவணம்' என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை சுருங்காமல் வரும்.

நான் கடைசியில் ஒட்டிக்கொண்டது கணினியில் ஹேண்ட்பிரேக். இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதில் சராசரி பிட் வேகத்தைச் சொல்லி அதன் மூலம் கோப்பின் அளவைக் கேட்கும் வழியும் உண்டு, தரத்தைக் கேட்கும் வழியும் உண்டு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அளவைக் கேட்டால், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு போதும் என்று நாம் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைச் சொல்கிறோம். தரத்தைக் கேட்டால், கட்டியக்காரன் நின்ற இடத்தில் நின்று பேசும் காட்சிக்குக் கொஞ்சம், வீமனும் துரியோதனனும் புழுதி பறக்க மோதும் காட்சிக்கு அள்ளி அள்ளி என்று மென்பொருளே பங்கிட்டு, மொத்தம் எவ்வளவு ஆகிறதோ அதைத் தருகிறது. எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் தரத்துக்கான எண் 0 முதல் 51 வரை. எண் குறையக் குறையத் தரம் கூடும். ஆறு எண் ஏறினால் கோப்பு ஏறக்குறையப் பாதியாகும். வெறுமனே பார்ப்பதற்கு 22, 23 போதும். ஆனால் இன்னொரு சுருக்கத்துக்குப் போகும் கோப்பை 18க்கு மேல் ஏற்றக் கூடாது என்பது என் அனுபவம். வேகத்தில் 'ஸ்லோ' வையுங்கள். அப்படிச் செய்தபோது 22.5 ஜிபி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது. கிரீடத்தின் சில்லுகளும் தப்பின.

இருட்டில் எடுத்த படத்துக்கு இன்னொரு கைங்கரியமும் தேவை. டியூப் லைட் வெளிச்சத்தில் கேமரா திணறும்போது பின்னணி முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளிகள் நடுங்கும். ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறும் இந்தப் புள்ளிகளைச் சுருக்குவதுதான் எந்த மென்பொருளுக்கும் மிகக் கடினம். ஹேண்ட்பிரேக்கில் இந்தப் புள்ளிகளைக் குறைக்கும் 'இரைச்சல் நீக்கி'யை மிக லேசாக வைத்தாலே கோப்பு இளைக்கும், யூடியூபின் சுருக்கமும் தெளியும். அதிகம் வைத்தால் முகத்து அரிதாரம் மெழுகு பூசியது போலாகிவிடும், கவனம்.

2013இல் வந்த அடுத்த சுருக்க முறையான எச்.265, அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தரும். நன்றாக அமைந்தால் பாதி வரைகூட. யூடியூப் இதையும் ஏற்கிறது. ஆனால் என் பழைய மடிக்கணினியில் எச்.264ஐ விடப் பல மடங்கு நேரம் எடுத்தது. விசிறியின் இரைச்சலில் தூங்க முடியவில்லை. இணைப்பு படுமோசம், கணினி புதியது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இது சரி. இதன் தர எண்ணை எச்.264இன் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அங்கே 23 என்பது இங்கே சுமார் 28க்கு நிகர். கணினியின் கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு நொடியில் முடிக்கும் வழியும் இருக்கிறது. வேகம் உண்மைதான். ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். சுருக்குவதன் நோக்கமே அடிபட்டுப்போகும்.

எதிர்த் திசையில் ஒரு வழியும் உண்டு: 1080 படத்தை 1440 ஆகப் பெரிதாக்கி ஏற்றுவது. பெரிய அளவுக்கு யூடியூப் அதிக பிட்டுகள் ஒதுக்குவதால், 1440ஐத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பவருக்குப் படம் தெளிவாகவே தெரிகிறது. போர்க் காட்சிக்கு மட்டும் செய்து பார்த்தேன், வித்தியாசம் கண்கூடு. கோப்பு பெருத்துவிடுவதால் முழுக் கூத்துக்கும் என்னால் முடியவில்லை.

ஒலியில் மட்டும் கை வைக்காதீர்கள். ஸ்டீரியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 384 கிலோபிட். அதை 160க்கு இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு மிச்சமாவது 100 எம்பிதான். அதற்காகக் கூத்தின் ஊதுகருவியான முகவீணையை நசுக்க எனக்கு மனம் வரவில்லை.

யூடியூபில் ஒரு முகவரியில் ஏற்றிய வீடியோவின் மேல் வேறு கோப்பை மாற்றி வைக்க முடியாது. புதிதாக ஏற்றினால் புது முகவரிதான். நல்ல பிரதியை இப்போது தனியாக ஏற்றியிருக்கிறேன். ஆனால் வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் தங்கள் தெருவையும் கோயிலையும் அடையாளம் கண்டு எழுதிய கருத்துகளெல்லாம் அந்தக் கட்டம் கட்டமான பழைய பதிவின் கீழேயே இருக்கின்றன. அதை அழிக்கவும் முடியாமல் வைத்திருக்கிறேன்.