சூரியகாந்தி விதை: மம்மத்தா, வெனிலா ஐஸா?

மாடித்தோட்டக்காரர்களுக்கு விற்கும் பாக்கெட்டுகளில் மம்மத், வெனிலா ஐஸ் ஆகிய இரண்டு ரகத்துக்கும் ‘சூரியகாந்தி’ என்றே போட்டிருக்கும். ஆனால் இனம் வேறு. மம்மத், ஹீலியாந்தஸ் ஆனுவஸ். எண்ணெய்ச் சூரியகாந்தியும் இதே இனம்தான். வெனிலா ஐஸ், ஹீலியாந்தஸ் டெபிலிஸ். டெக்சாஸ், புளோரிடா கடலோர மணலில் தானாக முளைக்கும் செடியின் வழிவந்தது. பிரித்துக் கொட்டினாலே தெரியும்: ஆனுவஸ் விதை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், மேலே கோடு போட்டிருக்கும், டெபிலிஸ் பொடி விதை.

தொட்டியில் பூதான் வேண்டுமென்றால் வெனிலா ஐஸ் வாங்குங்கள். 12 அங்குலத் தொட்டி போதும். வெளிர்மஞ்சள் இதழ், கருத்த நடு, உள்ளங்கையளவு பூ. ஒரே செடியில் வாரக்கணக்கில் பூக்கும். முக்கால் அடி உயரத்தில் நுனியைக் கிள்ளினால் கிளை கூடும். இதே வேலையை மம்மத்திடம் காட்டாதீர்கள். அதற்குப் பூவே நுனியில்தான்.

வெனிலா ஐஸில் பலரும் தோற்பது முளைப்பில். மம்மத் ஒரு வாரத்தில் தலைகாட்டும். இது இரண்டு வாரம்கூட எடுக்கும். அதற்குள் பொறுமையிழந்து தண்ணீரை ஊற்றினால் விதை அழுகும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். மண்ணில் மணல் கூடட்டும், உரம் குறையட்டும். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான், பூ இல்லை. இரண்டையுமே நேரடியாக ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் ஆணிவேர் கெடும்.

மம்மத் பத்தடி போகும். 15 அங்குலப் பைக்குக் குறையக் கூடாது, கம்பு கட்டாயம். ஒரே பூ, அதுவும் சில நாள்தான். தொடர்ந்து பூ வேண்டுமென்றால் மூன்று வாரத்துக்கொரு முறை விதைக்க வேண்டும். ஆனால் கொறிக்க விதை வேண்டுமென்றால் இதுதான் வழி. “விதையெல்லாம் பதராகிவிட்டது” என்பது இதில் வழக்கமான புகார். விதையைக் குறைசொல்லிப் பயனில்லை. தன் மகரந்தத்தில் சரியாகச் சூல்பிடிக்காத செடி இது. மாடிக்குத் தேனீ வராவிட்டால் பதர்தான். இரண்டு மூன்று செடி வையுங்கள். பூத்திருக்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 9 முதல் 11 மணிக்குள், மெல்லிய துணியால் ஒரு பூவைத் தடவி அடுத்ததில் தேயுங்கள். இதழ் விரியும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் (வெண்காரம்) கரைத்துத் தெளிப்பதும் பலன் தரும். இதழ் உதிர்ந்ததும் வலை கட்டிவிடுங்கள், கிளி காத்திருக்காது.

இரண்டையும் அருகருகே வைத்தால் கலப்பு வரலாம். அந்த வெனிலா ஐஸ் விதையை அடுத்த முறைக்கு நம்ப வேண்டாம்.

மம்மத் பாக்கெட்டுக்கு அதிக விலை சொன்னால், பறவைத் தீவனக் கடையில் வறுக்காத கோடுபோட்ட விதை நூறு கிராம் வாங்கிப் பாருங்கள். அதே ஆனுவஸ்தான்; உயரம் மட்டும் ஒரே சீராக வராது.