உப்பு, மணல், காற்று: ராமநாதபுரம் கடலோரத்தில் என் ஹிமாலயன் 411

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டியைச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். மலைப்பாதையில் அது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கடலோரத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு வேலை திருச்சியில், கூட்டாளிகள் காரைக்குடியிலும் பரமக்குடியிலும். அதனால் சேர்ந்து கிளம்பினால் பெரும்பாலும் தொண்டிப் பக்கம்தான். இந்தக் கரையில் வண்டியைச் சோதிப்பது தூரமோ வேகமோ இல்லை. உப்பும் மணலும் பக்கக் காற்றும்தான்.

போன ஆடியில் ஓட்டிய ஒரு நாளை வைத்தே சொல்கிறேன். தொண்டியில் டீ குடித்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினோம். திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், அப்புறம் ராமநாதபுரம். மேடு பள்ளம் இல்லாத நேர் ரோடு. பனை, உடைமரம், அவற்றைவிட அதிகமாகச் சீமைக்கருவேலம். ஐந்தாவது கியரில் 70, 75 வேகத்தில் வண்டி அலுங்காமல் போகும். திடீரென்று ஆட்டுமந்தை குறுக்கே வந்து வேகத்தைக் குறைத்தாலும் கியரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இன்ஜினின் இழுவை, கீழ் வேகத்திலேயே கிடைத்துவிடும். லிட்டருக்கு முப்பதை ஒட்டி மைலேஜ் தருகிறது. 15 லிட்டர் டேங்க் என்பதால் பெட்ரோல் கவலையும் இல்லை. தனுஷ்கோடி வரை போகிற சின்ன டேங்க் வண்டிக்காரர்கள் ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

ஸ்போக் வீல், உள்ளே டியூப். கருவேலங்காட்டு வழியில் இதை மறக்கக் கூடாது. நிழலைப் பார்த்ததும் ரோட்டை விட்டு இறக்கி நிறுத்தத் தோன்றும். அங்கேதான் முள் வெட்டிப் போட்டிருப்பார்கள். அன்றைக்கு உச்சிப்புளிக்குப் பக்கத்தில் நண்பன் வண்டியின் பின் டயர் இறங்கிவிட்டது. பஞ்சர் கடை அண்ணன் டயருக்குள் கையை விட்டு நிதானமாகத் தடவிக்கொண்டே சொன்னார்: “வெளிய தெரியிற முள்ளை மட்டும் புடுங்கிட்டு டியூபை மாட்டிராதீங்க தம்பி. முனை ஒடிஞ்சு உள்ளயே நிக்கும். அடுத்த ஊரு போறதுக்குள்ள திரும்பக் குத்திரும்.” சொன்னபடியே இரண்டு முனைகளை எடுத்துக் காட்டினார். மாற்று டியூப் ஒன்றும், டயர் கழற்றும் லிவரும், கையால் அடிக்கும் பம்ப்பும் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

மண்டபம் தாண்டினால் பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பக்கத்துப் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைப்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். ராமேஸ்வரம் போகும்போது அது வலப்பக்கம் அடிக்கும். அதைச் சமாளிக்க வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தே ஓட்டிக்கொண்டிருப்போம். எதிரே ஒரு பஸ் வரும். பஸ் நம்மைக் கடக்கிற அந்த நொடியில் காற்று அறுந்துவிடும், சாய்த்த வண்டி பஸ் பக்கமே போகும். பஸ் தாண்டியதும் நின்ற காற்று ஒரே தள்ளாக வந்து மோதும். பயமே இங்கேதான். ஹிமாலயனின் 199 கிலோ எடை இங்கே பெரிய உதவி. எங்களோடு வந்த 150 சிசி வண்டி என் கண்ணெதிரிலேயே ஒரு முழம் நகர்ந்தது. “மாப்ள, நாப்பதுக்கு மேல போகாதடா” என்று கத்தினேன், காற்றில் கேட்டிருக்காது.

நான் செய்வது இதுதான்: நாற்பது வேகம், மூன்றாவது கியர், முழங்காலால் டேங்கை இறுக்கி, கையைத் தளர்த்தி வைப்பது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் நம் உடம்பை அடிக்கிற காற்று கை வழியாக முன்சக்கரத்துக்குப் போய்விடும். சீட்டுக்கு மேல் உயரமாக மூட்டை கட்டாதீர்கள், அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். சாமான் எல்லாம் பக்கப் பைகளில், கீழே இருக்கட்டும். பாலத்தின் மேல் நிறுத்திப் போட்டோ எடுப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். வரிசையாக நிற்கிற வண்டிகளுக்கும் காற்றுக்கும் நடுவே பஸ் ஒதுங்க இடமே இருப்பதில்லை.

தனுஷ்கோடி ரோட்டில் தாரின் மேல் மணல் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. 21 அங்குல முன்சக்கரம் அதில் தடுமாறாமல் போகிறது. ஆனாலும் முன் பிரேக்கை நம்பக் கூடாது, ஆக்சிலேட்டரைக் குறைத்தே வேகத்தை இறக்க வேண்டும். 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவர் அருகே நிறுத்தி, ஓலைக் கொட்டகையில் வறுத்த மீனும் சோறும் சாப்பிட்டோம். அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அமைதியான கடல், இன்னொரு பக்கம் கொந்தளிக்கிற கடல். அங்கே எத்தனை முறை நின்றாலும் எனக்குப் பேச்சு வருவதில்லை. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் வண்டி விட மாட்டார்கள் என்பதால் மத்தியானத்துக்குள் போய்விடுங்கள்.

இப்போது உப்பு. 1914ஆம் வருடத்துப் பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் ஓட்டத்தை நிறுத்தியது. 2025இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் உப்பைத் தாங்குகிற விசேஷப் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். நம் வண்டிக்கு அதெல்லாம் கிடையாது, அன்றாடக் கவனிப்புதான். வண்டி விழுந்தால் அடிபடாமல் காக்க வெளியில் வாங்கிப் பூட்டிய கிராஷ் கார்டு கம்பி ஒன்று ஒரே வருடத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் துரு பூத்தது. அதைக் கழற்றிவிட்டு, போல்ட்டுகளையும் எவர்சில்வருக்கு மாற்றினேன். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுகிறேன்.

செயினை ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் செம்மண் நிறத்தில் நிற்கும். ராத்திரி லாட்ஜ் வாசலிலேயே சென்டர் ஸ்டாண்டு போட்டு, மணலைப் பிரஷ்ஷால் தட்டி, துடைத்து, செயினுக்கான மசகு ஸ்பிரே அடித்துவிடுவேன். சென்டர் ஸ்டாண்டு கம்பெனியே கொடுத்திருப்பது இந்த ஒரு வேலைக்காகவே எனக்குப் பிடிக்கும்.

வாட்டர் வாஷ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த மாவட்டத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றின கதைதான். கடைக்காரரிடம் நல்ல தண்ணீரா என்று கேளுங்கள், ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும். நல்ல தண்ணீர் இல்லையென்றால் கழுவ வேண்டாம். இரண்டு கேன் குடிதண்ணீர் வாங்கி, ஈரத்துணியால் சைலன்சர், ஸ்போக், பிரேக் காலிப்பர் மட்டும் துடைத்து, முழுக் கழுவலை ஊருக்குத் தள்ளிவையுங்கள். நாங்கள் நால்வரும் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.