1882 எப்படி 1812 ஆனது: பழைய சாம்ப்ளர் வாங்குவோர் கவனத்துக்கு

"இங்கிலாந்து, 1812, பள்ளிச் சிறுமி, வயது 9" என்று இணையத்தில் விற்ற சாம்ப்ளர் அது. சாம்ப்ளர் என்பது சிறுமிகள் தையல் பழகுவதற்காக எழுத்தும் படமும் தைத்த துணித் துண்டு. எழுத்து வரிசை, எண்கள், ஒரு வீடு, இரண்டு மரம், அடியில் பெயரும் ஆண்டும். பிரேமைக் கழற்றிய பிறகுதான் அது 1882-இல் தைத்தது என்று தெரிந்தது. பணம் திரும்பவில்லை. "பின்பக்கக் காகிதத்தைக் கிழித்தால் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று நிபந்தனையிலேயே போட்டிருந்தார்கள். காகிதத்தைக் கிழிக்காமல் மோசடியை உறுதிசெய்வது கடினம் என்பது விற்றவருக்குத் தெரியும்.

மோசடி வேலை நடந்தது ஆண்டின் மூன்றாவது இலக்கத்தில். கிராஸ் ஸ்டிச்சில் (X வடிவத் தையலில்) தைத்த 8-இல் இடப்பக்கத் தையலையும் மேல், நடு, கீழ்த் தையல்களையும் பிரித்துவிட்டால் வலப்பக்கக் கோடு மட்டும் நிற்கும். பார்ப்பவருக்கு அது 1. ஆனால் முன்னால் உள்ள 8-க்கும் இந்த 1-க்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். மற்ற இலக்கங்களின் இடைவெளியைத் துணியின் இழை எண்ணிப் பாருங்கள், பொருந்தாது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் காலி இடத்தில் ஊசித் துளைகள் விரிந்து கிடக்கும், அவற்றில் பழைய நூலின் துணுக்கு ஒட்டியிருக்கும். நூல் மூடியிருந்த துணியில் வெளிச்சம் படாததால் 8-இன் உருவம் வெளிறலாகத் தெரியும். பின்பக்கம் அறுந்த முனைகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

சாம்ப்ளர் தைத்த பெண்களே பிற்காலத்தில் வயதை மறைக்க ஆண்டைப் பிரித்தெடுத்ததும் உண்டு. ஆனால் ஆண்டைப் பின்னே தள்ளித் தன் வயதைக் கூட்டிக்கொள்ள யாரும் பிரிக்கமாட்டார்கள்.

அடுத்தது ஊதா நிறம். முன்பக்கம் மங்கிச் சாம்பலாகிவிட்ட பூ, பின்பக்கம் கண்ணைப் பறிக்கும் ஊதாவாக இருந்தது. ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தது 1856-இல். தொடக்ககாலச் செயற்கைச் சாயங்கள் வெயிலில் விரைவில் மங்கும். இயற்கைச் சாயத்திலும் ஊதா உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. துளைகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இது சாட்சி.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் விலை. 2012 ஜனவரியில் நியூயார்க் சோதபிஸ் ஏலத்தில் பெட்டி ரிங் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரிடமிருந்த மேரி ஆன்ட்ரிமின் 1807 சாம்ப்ளர் 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது நியூஜெர்சியில் தைத்த மிக அரிய துண்டு. சாதாரண விக்டோரியா காலத் துண்டுக்கு அந்த விலையில் சிறு பங்குகூடக் கிடையாது. எழுபது ஆண்டு பின்னே தள்ளினால் விலை ஏறும் என்பதுதான் கணக்கு.

பணம் கட்டும் முன் நான்கு படம் கேளுங்கள்: பிரேமிலிருந்து எடுத்த பின்பக்கம், அளவுகோல் வைத்த ஆண்டின் நெருக்கப் படம், பிரேம் விளிம்பு மறைத்த ஓரம், பக்கவாட்டில் டார்ச் அடித்த படம். ஓரமும் நடுவும் ஒரே பழுப்பாக இருந்தால் டீயில் நனைத்திருக்கலாம். உண்மையான துணியில் மறைந்த ஓரம் பெரும்பாலும் வெளிறியே இருக்கும். ரூபாய் நோட்டு பார்க்கும் யூவி விளக்கில் நூல் நீலமாக ஒளிர்ந்தால் பிற்காலத்துச் சலவைப் பொடி பட்டிருக்கலாம், அல்லது அது புது நூலாக இருக்கலாம். "பழைய காகிதம், கிழித்தால் மதிப்பு போய்விடும்" என்று சொன்னால் வாங்காதீர்கள். இந்தத் துண்டில் அந்தப் 'பழைய' காகிதத்தின் ஓரம் ஒட்டியிருந்தது பளபளக்கும் பிளாஸ்டிக் டேப்பால்.

ரசீதில் "1812 ஆண்டுச் சாம்ப்ளர்" என்று எழுதி வாங்குங்கள். "பழைய தையல் துணி" என்று மட்டும் இருந்தால் பிறகு வழக்காடுவதும் கடினம்.