பாப் வில்ஸ் 'ஃபார் த லாஸ்ட் டைம்': வாங்கலாமா வேண்டாமா

வெஸ்டர்ன் ஸ்விங் (அமெரிக்க கிராமத்து ஃபிடில் இசையோட ஜாஸ் கலந்த பாணி) கேட்டே பழக்கமில்லாதவங்க தயவுசெஞ்சு இந்த ஆல்பத்துல ஆரம்பிக்காதீங்க, முதல்லயே சொல்லிடறேன். முதல்ல ஃபிடில்காரர் பாப் வில்ஸும் அவரோட பேண்ட் டெக்சாஸ் ப்ளேபாய்ஸும் 1946-47ல ரேடியோவுக்காக பண்ணின டிஃபனி ட்ரான்ஸ்கிரிப்ஷன்ஸ் கேளுங்க, பேண்ட் என்ன வேகத்துல பறக்கும்னு அதுலதான் தெரியும். அப்புறம் இங்க வாங்க.

1973 டிசம்பர் 3, 4 ரெண்டே நாள், டாலஸ்ல பண்ணின ரெக்கார்டிங் இது. பாப்புக்கு 1969லயே பக்கவாதம் வந்து வலது பக்கம் போயிடுச்சு, ஃபிடில் வாசிக்க வழியே இல்ல, வீல்சேர்லதான் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆனா சுத்தி உக்காந்திருந்தது யாருன்னு பாருங்க, ஸ்டீல் கிட்டாருக்கு லியான் மெக்காலிஃப், பியானோவுக்கு அல் ஸ்ட்ரிக்லின், ட்ரம்ஸுக்கு ஸ்மோக்கி டாகஸ், இந்த மூணு பேரும் 1935லயே, அதே டாலஸ்ல, முதல் ரெக்கார்டிங்ல அவரோட இருந்தவங்க! ஃபிடில் பேண்டுக்கு ட்ரம்ஸ் எதுக்குய்யான்னு ஜனங்க கேட்ட காலம் அது.

அந்த முதல் செஷன் கதையை ஸ்ட்ரிக்லின் பின்னாடி புத்தகமாவே எழுதினார். பாட்டு நடுவுல பாப் 'ஆஹா'ன்னு குரல் குடுக்கறதும், வாசிக்கறவன் பேரைச் சொல்லிக் கூப்பிடறதும் ப்ரொட்யூசர் ஆர்ட் சாதர்லிக்குப் பிடிக்கல, நிறுத்துங்கன்னு சொல்லிட்டார். பாப் யோசிக்கவே இல்ல, மூட்டையைக் கட்டுங்கடா ஊருக்குப் போலாம்னு பேண்ட்கிட்ட கெளம்பிட்டார், கடைசில இறங்கி வந்தது சாதர்லிதான். கச்சேரில பக்கவாத்தியத்துக்கு மேடையிலயே சபாஷ் போடறாப்ல அது, அதை எடுத்துட்டா பாதி உயிர் போச்சு.

இந்த ஆல்பத்துல வலிக்கறதும் அந்த இடம்தான். முதல் நாள் மட்டும்தான் பாப் இருந்தார், அவர் குரல் அங்கங்க மெல்லிசா வரும், ஹெட்போன்ல கேட்டாத்தான் சரியா பிடிபடும். அன்னிக்கு ராத்திரி மறுபடி ஸ்ட்ரோக், நினைவே திரும்பல, 1975 மே மாசம் போயிட்டார். மறுநாள் அவர் இல்லாமலே பேண்ட் வாசிச்சு முடிச்சாங்க, பாப் மாதிரி நடுவுல குரல் குடுத்தது இன்னொரு ஃபிடில்காரர் ஹாய்ல் நிக்ஸ். அவர் நல்லாத்தான் பண்றார், குறை சொல்ல மாட்டேன், ஆனா பாப் குரலைத் தேடற காதுக்கு அது ஒட்டல.

வாசிப்பு எப்படின்னா, எல்டன் ஷாம்ப்ளின் கிட்டாருக்காகவே காசு குடுக்கலாம். தாளம் மட்டும் வாசிக்கறார்னு தோணும், கவனிச்சா பீட்டுக்கு பீட்டு கார்ட் (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டு) மாறிட்டே இருக்கும், பேஸுக்கு மேல இன்னொரு பேஸ் ஓடற மாதிரி. ஜானி கிம்பிள் ஃபிடிலும் கூடச் சேர்ந்தா கேக்கவே வேணாம். பாட்டு பெரும்பாலும் லியான் ராஷ், பேண்டோட பழைய பாடகர் டாமி டங்கன் இடத்தை நிரப்பறது யாராலயும் முடியாது (டங்கன் 1967லயே காலமாயிட்டார்), ஆனா ராஷ் அலட்டிக்காம பாடறார். கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்டும் வந்து கலந்துக்கிட்டார், பாப்புக்காகவே ஃபிடில் கத்துக்கிட்ட ஆளு அவர். எனக்கென்னவோ அவர் பாடற இடத்துல மட்டும் வேற ஆல்பத்துக்குள்ள போயிட்ட மாதிரி இருக்கு, ரசிகருங்க அடிக்க வராதீங்க.

குறைன்னா, பழைய ரெக்கார்டுல கேக்கற, ட்ரம்பெட், சாக்ஸ்னு அந்தப் பெரிய ஹார்ன் செக்‌ஷன் கும்பல் இதுல இல்ல, வேகமும் சில பாட்டுல வயசுக்கு ஏத்த மாதிரிதான். சவுண்டு ரொம்ப சுத்தம், எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான சுத்தம்.

வாங்கறதா இருந்தா சார்ல்ஸ் டவுன்செண்ட் ஆல்பத்தைப் பத்தி எழுதின நோட்ஸோட இருக்கற காப்பியாப் பாத்து வாங்குங்க, அந்த எழுத்துக்கு கிராமியே குடுத்தாங்க. நான் பழைய எல்பி ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், தட்டு ரெண்டும் பளபளன்னு வந்துச்சு, நோட்ஸைக் காணோம், வித்தவர்கிட்ட கேட்டா பதிலே இல்ல. பணம் குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிடுங்க.