மூன்று வருடம் பிரஷ் பேனையோடு: மை இருக்கிறது, முனைதான் இல்லை

2022 இல் டொலர் 350 ரூபாயைத் தாண்டி, கொப்பி விலையைக் கேட்டுவிட்டு ஆட்கள் வெறுங்கையோடு திரும்பிப்போன காலத்தில்தான் நான் பிரஷ் பேனை, அதாவது அழுத்தினால் தடிப்பாகவும் விட்டால் மெல்லிசாகவும் எழுதும் தூரிகை மாதிரி முனையுள்ள பேனை, பாவிக்கத் தொடங்கினேன். புத்தியுள்ளவர்கள் செய்கிற வேலை இல்லை. கொழும்பில் இருக்கும் மச்சாள் பிறந்தநாளுக்கு ஒன்று அனுப்பினாள், அது கையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது கிளிநொச்சியில் இருந்துகொண்டே கல்யாண அட்டை உறைகளுக்குப் பெயர் எழுதுகிறேன். சாமத்திய வீட்டு வாசலில் வைக்கும் 'நல்வரவு' மட்டை, பரிசளிப்பு விழாச் சான்றிதழ் எல்லாமும் வரும். கைச்செலவுக்குக் காணும். ஆகவே இது பெட்டியைப் பிரித்த சந்தோசத்தில் எழுதுவது இல்லை.

எல்லாமாகப் பதினொரு பேனை பாவித்தேன், எல்லாம் தண்ணீர் மை. அதில் மை முடிந்து போனவை இரண்டு. ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற எட்டும் முனை போய்ச் செத்தவை. ஒரு நல்ல பேனையின் காசுக்கு அப்போது மூன்று கிலோ சம்பா வாங்கலாம் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே ஞாபகம்.

முனை போவது முதலில் தெரியாது. மெல்லிய கோடு இழுக்கும்போது அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மயிர்க்கோடு கூட ஓடி வரும், தாளில் ஏதோ தூசி என்று நினைப்போம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நுனியில் ஒரு நார் மட்டும் பிரிந்து நிற்கும். நான் அதை நகவெட்டியால் வெட்டினேன். தயவுசெய்து வெட்டாதீர்கள், அடுத்த நாள் மூன்று நார் பிரிந்து நின்றது, ஒரு கிழமையில் முனை தும்புத்தடி.

முதல் காரணம் தாள். போட்டோக்கொப்பித் தாளில்தான் நான் நாள்முழுக்கப் பயிற்சி எழுதினேன், மலிவு, பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது. கைக்கு வழுவழு என்று தெரிந்தாலும் பிரஷ் முனைக்கு அது அரம். மையும் நாரோடு பரவி எழுத்தின் கரை மீசை வைத்ததுபோல் ஆகிவிடும். இப்போது பயிற்சிக்கு ட்ரேசிங் தாள்தான். கீழே கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு எழுதலாம், முனை வழுக்கிக்கொண்டு போகும். காய்வதற்கு மட்டும் நேரம் எடுக்கும், அவசரப்பட்டுக் கையை வைத்தால் எல்லாம் இழுபட்டுவிடும். கூலிக்கு எழுதுவதற்கு பிறிஸ்டல் போட் என்கிற தடித்த மட்டை, அதிலும் இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்து வழுவழுப்பான பக்கம். பளபளப்புப் பூசிய மட்டையில் இந்த மை சரிவராது, பிடிக்காமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும்.

தாளை மாற்றிய பிறகும் முனைகள் போய்க்கொண்டே இருந்தன. இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடித்தது என் சித்தப்பா. பரந்தன் பக்கம் கடைகளுக்கு எனாமல் பெயின்ற்றில் போட் எழுதியே பிள்ளைகளை வளர்த்த மனிதர், பேனையில் பிரஷ் வைப்பதே அவருக்குச் சிரிப்பு. ஒருநாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, எழுத்தை வடிவா இழுக்கிறாய், புள்ளி வைக்கேக்கை மட்டும் ஏன் குத்திறாய்?" என்றார். உண்மைதான். எழுதும்போது பேனையைச் சரித்துப் பிடித்து முனையின் வயிற்றுப் பக்கத்தால் இழுக்கிறேன், புள்ளி வந்தவுடன் என்னை அறியாமலே நிமிர்த்தி நேரே ஒரு குத்து. 'கிருஷ்ணமூர்த்தி' என்று ஒரு பெயர் எழுதினால் மூன்று குத்து. நூறு உறை எழுதினால் எத்தனை என்று பாருங்கள். ஆங்கில எழுத்துக்காரருக்கு ஐ, ஜே இரண்டிலும்தான் புள்ளி, அதனால் அவர்களின் வீடியோக்களில் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று அந்தக் காலத்தில் வைக்காமல் விட்டார்கள் என்று படித்திருக்கிறேன், எனக்கு ஓலை பரவாயில்லை, முனை பொத்துப்போகிறது. இப்போது இரட்டை முனைப் பேனை என்றால் மறுபக்கத்து மெல்லிய முனையால் சின்ன வட்டம் போட்டு நிரப்புகிறேன். ஒற்றை முனை என்றால் சரித்தபடியே தொட்டு எடுக்கிறேன், புள்ளி கண்ணீர்த்துளி மாதிரி விழும், அதுவும் வடிவுதான்.

அந்த வீடியோக்களில் கேட்கும் இன்னொரு பாட்டு 'மேலே போனால் மெல்லிசு, கீழே வந்தால் தடிப்பு'. ஆங்கிலக் கூட்டெழுத்துக்கு அது பொருந்தும். தமிழில் அப்படியே செய்து பாருங்கள். 'ப' வை நாம் கீழே இறக்கி, வலப்பக்கம் இழுத்து, மேலே ஏற்றி முடிக்கிறோம், அப்போது இடது கால் தடியாகவும் வலது கால் நூலாகவும் வந்து, எழுத்து ஒற்றைக்காலில் நிற்கும் கொக்காகிவிடும். வ, ம, ய எல்லாவற்றிலும் இதே கரைச்சல்தான். எழுத்தாணியால் ஒரே தடிப்பில் கீறி வளர்ந்த எழுத்து, எங்கே அழுத்துவது என்று அதற்குள் எழுதி வைத்திருக்கவில்லை. அடிக்கோட்டோடு பேனையைத் தூக்கிவிட்டு, வலது காலை மேலிருந்து கீழே தனியாக இறக்குவது என் வழி. பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் ஆசிரியர் அடிப்பார், மட்டையில் எழுதினால் காசு தருகிறார்கள்.

ண, ன, ணை போன்றவற்றில் சுழி அடைத்துக்கொள்ளும். பெரிய பிரஷ் முனையால் எழுதுவதென்றால் எழுத்து குறைந்தது இரண்டு சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். உறையில் பெயர் எழுத, டொம்போ என்ற யப்பான் கொம்பனியின் ஃபுடெனோசுகே பேனை மாதிரி சின்ன முனை, அதிலும் கடின முனை. இதில் மென்முனையும் வருகிறது, அது கை பழகிய பிறகு பார்க்கலாம்.

தண்ணீர் மை என்பதால் மணம் இல்லை, தாளின் மறுபக்கம் ஊறாது, பிள்ளைகள் கையில் பூசினாலும் கழுவினால் போய்விடும். அதே தண்ணீர்தான் எதிரியும். ஒரு மார்கழியில் அறுபது உறை எழுதி சைக்கிள் பையில் கொண்டுபோனேன், கனகபுரம் தாண்டமுன் மழை பிடித்தது. போய்த் திறந்தால் மேலே இருந்த பதினைந்திலும் மாமா மாமியெல்லாம் நீலக் குளமாகக் கிடந்தார்கள். திருப்பி எழுதிக் கொடுத்தேன், அந்த வேலையில் மிச்சம் ஒன்றும் இல்லை. பிழை பேனையில் இல்லை. தண்ணீர் மையிலேயே சாய மை, நிறமி மை என்று இரண்டு வகை இருப்பது எனக்குத்தான் தெரியாது. டொம்போ டூவல் பிரஷ் மாதிரி நிறம் கலக்கிற பேனைகளில் இருப்பது சாய மை, கலப்பதற்கு அருமை, நனைந்தால் ஓடும், வெயிலில் வைத்தால் மங்கும். ஃபுடெனோசுகே கறுப்பு நிறமி மை. காய்ந்த பிறகு நனைந்தால் என் கையில் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஓடியதில்லை. புதுப் பேனை வாங்கினால் ஒரு சொல் எழுதி, பத்து நிமிசம் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், அது போதும்.

சோளகம் அடிக்கும் ஆனி, ஆடியில் வேறு தொல்லை. செம்மண் புழுதி ஈர முனையில் ஒட்டி, அடுத்த கோட்டில் தாளைக் கீறும். ஈரச் சீலையால் ஒற்றி எடுப்பேன். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எழுதினால் உள்ளங்கை வேர்வையே மையைக் கரைத்துவிடும், கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் எப்போதும் இருக்கும். பேனைகள் பிஸ்கற் ரின்னுக்குள் படுத்தபடி, இரட்டை முனையை நிமிர்த்தி வைத்தால் மேல்முனை காய்ந்துபோகும்.

மலிவு விலையில் கட்டாக வாங்கியவற்றில் ஒரு பேனை இரண்டே மாதத்தில் காய்ந்தது. பற்றரிக்கு விடும் வடிதண்ணீர் இரண்டு சொட்டு விட்டேன், அசிட் இல்லாதது. எங்கள் கிணறு உவர் என்பதால் அந்தத் தண்ணீரை விடவில்லை. நிறம் வெளுத்தாலும் இன்னும் ஒரு கிழமை எழுதியது.

இப்போது யாரும் கேட்டால் நிறமி மைக் கறுப்பு ஒன்று, சின்னக் கடின முனையில், அதோடு ஒரு கட்டு ட்ரேசிங் தாள் என்று சொல்லுவேன். நிறப்பேனைக் கட்டு பிறகு. தும்பான எட்டையும் நான் எறியவில்லை, பிளாஸ்ரிக் பைல் மட்டையில் அவற்றின் மையைத் தேய்த்து, ஈரத் தூரிகையால் தொட்டு 'நல்வரவு' வுக்குப் பின்னால் நிறம் பூசுகிறேன். அதில் ஊதா ஒன்றைச் சித்தப்பா கேட்டு வாங்கிப்போய்விட்டார், பேத்தியின் கொப்பிக்கு உறை போட்டுப் பெயர் எழுதவாம்.