ஹட்டனில் ஒரு சனிக்கிழமை உயிரியல் வகுப்பு

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் நகரில் உயர்தர மாணவர்களுக்காக நடைபெறும் சனிக்கிழமை உயிரியல் வகுப்பில் என் மகளுடன் அமர்ந்து, யுபிகுவிட்டின் பற்றிய மேலதிகப் பாடத்தை முழுமையாகக் கேட்டேன். 76 அமினோ அமிலங்களால் ஆன அச்சிறு புரதம், அழிக்கப்பட வேண்டிய புரதங்களில் சங்கிலியாகப் பிணைந்து அவற்றைப் புரதங்களைச் சிதைக்கும் கல அமைப்பான புரோட்டியசோமிடம் சேர்ப்பிக்கிறது என்பதை, தேயிலைக் கொழுந்தை நிறுப்பதற்கு முன் முற்றிய இலைகளைப் பொறுக்கி வீசுவதோடு ஒப்பிட்டு ஆசிரியர் விளக்கியபோது, தோட்டத்துப் பிள்ளைகளின் முகங்கள் மலர்ந்தன. இக்கண்டுபிடிப்புக்கு 2004 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

பாடத்தின் உயிர்நாடி எம்டிஎம்2 என்னும் பரம்பரையலகே. பழுதுற்ற கலங்களின் பிரிவைத் தடுத்து நிறுத்தும் பி53 புரதத்தில் யுபிகுவிட்டின் குறியை இடும் நொதியை அது உருவாக்குகிறது. எலும்பு, தசை, கொழுப்பு போன்ற இழையங்களில் தோன்றும் சில சார்கோமாப் புற்றுகளில் அதன் பிரதிகள் பெருகிவிடுவதால், பி53 குறையின்றி இருந்தும் விரைந்து அழிக்கப்பட, காவலிழந்த கலங்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. “நல்ல கொழுந்தையே பொறுக்கி வீசினால் என்ன ஆகும்?” என்று ஆசிரியர் கேட்டார். “கூடையில் முத்தல்தான் மிஞ்சும், சேர்” என்றாள் பின்வரிசை மாணவி ஒருத்தி. அந்த ஒரு விடைக்காகவே இவ்வகுப்பை மனமாரப் பாராட்டுவேன்.

புரோட்டியசோமைத் தடுக்கும் போர்ட்டிசோமிப் மருந்து, மைலோமா என்னும் குருதிப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2003 இல் அங்கீகாரம் பெற்றது குறித்து ஓரிரு வரிகளே கூறப்பட்டன. அதற்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். நிழற்பிரதிக் குறிப்பில் நொதிகளின் படம் கருமையாகிப் படிக்க இயலாதிருந்தது. தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருவோர் கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காக, கேள்வி நேரத்தை வகுப்பின் நடுவிலேயே வைத்தால் நல்லது.