'தி திங்' 4கே டிஸ்க்: எண்பதுகளின் பயம் அப்படியே இருக்கிறது

எண்பதுகளின் திகில் படங்களை வீடியோ கேசட்டில் பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் இயக்குநர் ஜான் கார்பென்டரின் இந்த 1982 படத்தின் 4கே டிஸ்க்கைத் தயங்காமல் சொல்வேன். கேசட்டில் இருட்டுக் காட்சி என்றால் ஒரே கரிதான், திரையின் அடியில் கோடு வேறு ஓடிக்கொண்டிருக்கும். இதிலோ அண்டார்டிகா முகாமின் இருட்டான நடைவழிகளும் பேசும்போது வாயிலிருந்து வரும் ஆவியும் தெளிவாகத் தெரிகின்றன, அதற்காகப் பிலிமுக்கே உரிய பொடித் துகள்களைத் துடைத்து முகங்களை மெழுகுப் பொம்மை ஆக்கிவிடவில்லை, அதற்கே பெரிய நன்றி.

முகாமில் யார் மனிதர், யார் மனித உருவில் ஒளிந்திருக்கும் வேற்றுக்கிரக ஜந்து என்று கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனைக் காட்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சூடேற்றிய கம்பியை ஒவ்வொருவரின் ரத்தத்திலும் வைக்கும்போது 'சுர்' என்று அடங்கும் சத்தம், கட்டிப்போடப்பட்டவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை... எந்தத் தட்டில் ரத்தம் துள்ளும் என்று நன்றாகத் தெரிந்தும் எனக்கு இன்றைக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டினின் (Rob Bottin) குழு கையால் செய்த அந்த ஜந்து உருவங்களுக்கு எடை இருக்கிறது, ஈரம் இருக்கிறது. இப்போதைய கம்ப்யூட்டர் உருவங்களில் எனக்கு அது கிடைப்பதே இல்லை.

அப்புறம் கார்பென்டரும் நாயகன் கர்ட் ரஸ்ஸலும் படம் ஓடும்போதே அதைப் பற்றிச் சேர்ந்து பேசும் கமெண்டரி, அதைத் தவறவிடாதீர்கள். சின்ன டிவியும் நல்ல ப்ளூ-ரேயும் ஏற்கெனவே இருந்தால் அவசரம் இல்லை. பெரிய திரை இருந்தால் உடனே வாங்குங்கள், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.